கௌ வேறு, கெள வேறு!

தலைப்பை இன்னொரு தரம் பாருங்கள். ஒரே எழுத்தை இரண்டு முறை போட்டுவிட்டு ‘வேறு வேறு’ என்றால் என்ன அர்த்தம் என்று கேட்கத் தோன்றும். உங்கள் போனில் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். சில போன்களில் மட்டும் முதல் எழுத்தின் வால் கொஞ்சம் குட்டையாக இருக்கும், அவ்வளவுதான். கண்ணுக்கே தெரியாத இந்த வித்தியாசத்தால் எங்கள் அத்தை வீட்டில் ஒரு கண் ஆபரேஷன் மூன்று மாதம் தள்ளிப்போனது.

அத்தைக்கு மயிலாப்பூர். சித்திரக்குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. அவர் பெயர் ‘கௌ’வில் ஆரம்பிக்கும். முழுசாகப் போட்டால், “ஊருக்கெல்லாம் என் பேரைச் சொல்லியாச்சா?” என்று போன் வரும். அதனால் முதல் எழுத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். கதைக்கு அந்த ஓர் எழுத்தே போதும்.

மாமாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் செலவுக்கு ஒரு சலுகை உண்டு. அதற்குக் குடும்பப் பட்டியலில் அத்தையின் பெயரைச் சரிபார்க்க வேண்டும் என்றார்கள். எந்த அலுவலகம், எந்தப் பட்டியல் என்பதெல்லாம் வேண்டாம். இணையத்தில் பெயரைத் தமிழில் அடித்துத் தேட வேண்டும். அத்தை அடித்தார். ‘பதிவு எதுவும் இல்லை’ என்று வந்தது. பேத்தி அடித்தாள். அப்போதும் இல்லை. நேரில் போனார்கள். முதல் மேஜையில் எண்ணை வைத்துத் தேடினார்கள், “இருக்கே மேடம்” என்று திரையைத் திருப்பிக் காட்டினார்கள். இரண்டாவது மேஜையில் பெயரை வைத்துத் தேடினார்கள், “இல்லையே மேடம்” என்றார்கள். இரண்டு மேஜைக்கும் நடுவே நாலு அடி தூரம்.

இப்படியே நாள் ஓடியது. மாமா பேப்பர் படிப்பதை விட்டுவிட்டார். காலையில் காபி டம்ளரோடு அவர் ஈசிசேரில் சாய்ந்துகொள்வார், அத்தை உரக்க வாசிப்பார். தலைப்புச் செய்தியோடு விட்டால் பரவாயில்லை. வரி விளம்பரம், காலமானார் பகுதி வரைக்கும் ஒன்று விடாமல் வாசிக்கச் சொல்வார் என்பதுதான் அத்தையின் புகார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது அத்தை தன் போனை நீட்டினார். அந்த அலுவலகத்திலிருந்து வந்த குறுஞ்செய்தி ஒன்று அதில் இருந்தது, தமிழில், அவருடைய பெயரோடு. நான் அடிக்கவில்லை. அந்தப் பெயரை அப்படியே காப்பி எடுத்துத் தேடும் கட்டத்தில் ஒட்டினேன். உடனே வந்துவிட்டது! வயது, முகவரி, மாமாவின் பெயர் எல்லாம் சுத்தமாக. நாங்கள் கையால் அடித்தால் இல்லை, அவர்கள் அனுப்பியதை ஒட்டினால் இருக்கிறது. அப்படியானால் வித்தியாசம் பெயருக்குள்தான் இருக்க வேண்டும் என்று, ஒட்டிய பெயரைக் கடைசியிலிருந்து ஒவ்வொரு எழுத்தாக அழித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் ‘கௌ’ மட்டும் மிஞ்சியது. இன்னொரு தரம் அழித்தேன். ‘கெ’ என்று நின்றது.

அங்கேதான் குட்டு வெளிப்பட்டது. சரியாக அடித்த கௌவை அழித்தால் ‘க’ மிஞ்சும், அல்லது மொத்தமும் போய்விடும். ‘கெ’ மிஞ்சாது. யாரோ அந்தப் பெயரை ‘கெ’ அடித்து, பக்கத்தில் ‘ள’ அடித்து முடித்திருக்கிறார்கள். பார்ப்பதற்கு கௌ, உள்ளே கெள.

கம்ப்யூட்டருக்கு எழுத்தின் உருவம் தெரியாது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒவ்வொரு குறிக்கும் யூனிகோடில் ஓர் எண் உண்டு. அந்த எண்தான் அதற்கு எழுத்து. க என்றால் 2965, ௌ என்ற குறி 3020. ஆகவே கௌ என்பது 2965, 3020. தப்பாக அடித்ததோ 2965, 3014, 2995. அதாவது க, கொம்பு, ள. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நாம் ‘ஒன்றுதானே’ என்போம். கம்ப்யூட்டரைக் கேட்டால், ‘ஒன்றில் இரண்டு எண், இன்னொன்றில் மூன்று எண், எப்படி ஒன்றாகும்?’ என்று கேட்கும். அதன் மேல் தப்பில்லை.

ஔவையாருக்கும் இதே கதிதான். ஔ என்பது தனி எழுத்து. பலர் ஒ அடித்து ள சேர்த்து ஒள என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி அடித்த பாட்டியைச் சரியான எழுத்தில் தேடினால் கிடைக்கமாட்டாள். நல்லவேளை, கோபாலபுரம் பக்கம் லாயிட்ஸ் சாலைக்குப் புதுப் பெயர் வைத்தபோது ‘அவ்வை சண்முகம் சாலை’ என்று வகரம் போட்டு எழுதினார்கள். கம்ப்யூட்டர் கண்ணோட்டத்தில் அதுதான் சென்னையிலேயே பத்திரமான ஔவை.

அந்த அலுவலகத்தில் அடித்தவரை நான் குறை சொல்லமாட்டேன். அது தட்டச்சு இயந்திரக் காலத்துப் பழக்கம். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வேலை பார்த்த ஆர். முத்தையா என்பவர்தான் தமிழ்த் தட்டச்சுக்கு வழி காட்டியவர். ஆங்கிலத்துக்காகச் செய்த நாற்பத்துச் சொச்சம் விசைகளுக்குள் நம்முடைய 247 எழுத்துகளையும் அடக்க வேண்டும். அதற்காகப் புள்ளி, சுழி போன்றவற்றுக்கு அடித்தாலும் உருளை நகராத விசைகளை வைத்தார்கள். ஔவுக்கெல்லாம் தனி இடம் கொடுக்க வசதி ஏது? ஒ அடி, பக்கத்தில் ள அடி, தாளில் பார்த்தால் ஔ. ஆங்கில இயந்திரங்கள் பலவற்றில் ஒன்று என்ற எண்ணே இருக்காது, சிறிய ‘எல்’ எழுத்தை அடித்துச் சமாளிப்பார்கள். அதே சாமர்த்தியம்தான் இது. தாளுக்கு அது போதும், ஏனென்றால் தாளைப் படிப்பது மனுஷக் கண். மாம்பலத்திலும் லஸ் பக்கத்திலும் தட்டச்சுப் பள்ளிக்குப் போய் லோயர், ஹையர் பாஸ் பண்ணிய ஒரு தலைமுறைக்கே விரல்கள் அப்படிப் பழகிவிட்டன. அந்த விரல்கள் கம்ப்யூட்டருக்கு வந்தபோது பழக்கமும் கூடவே வந்தது.

இன்னும் பின்னால் போனால் ஓலைச்சுவடி. அடையாறு தாண்டி பெசன்ட் நகரில் 1943-ல் தொடங்கப்பட்ட உ.வே.சா. நூலகம் இருக்கிறது. அங்கே இருப்பது போன்ற பழைய சுவடிகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது, ஓலை கிழிந்துவிடும் என்று வைக்கமாட்டார்கள். காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். எகரமா ஏகாரமா என்பதும் படிக்கிறவர் பாடு. இடம் பார்த்து, பொருள் பார்த்து, ‘இது ர, இது கால்’ என்று பிரித்துப் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்ததால்தான் சங்கப் பாட்டெல்லாம் நமக்கு அச்சில் கிடைத்தது. உ.வே.சா. செய்த அந்த ஊகத்தை, பெயர் தேடும் கட்டத்திடம் எதிர்பார்க்க முடியாது.

சரியாக அடிப்பது கஷ்டமா என்றால், கஷ்டமே இல்லை. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு ஏற்றுக்கொண்ட ‘தமிழ்99’ விசைப்பலகையில் ஔவுக்கென்று தனி விசையே உண்டு, ஆங்கில ‘இசட்’ இருக்கும் இடம். க அடித்து அதை அடித்தால் கௌ. ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றுகிறவர்கள் ‘ஏ’, ‘யு’ இரண்டையும் சேர்த்து அடித்தால் ஔ வரும். சந்தேகம் வந்தால் அத்தை வீட்டுப் பரிசோதனைதான்: ஒரு தரம் அழித்துப் பாருங்கள். கெ நின்றால் தப்பு. கௌரி, கௌதம், சௌந்தர்யா, சௌமியா, மௌனிகா என்று பெயர் வைத்திருக்கிறவர்கள் இன்றைக்கே தங்கள் ஆவணங்களில் ஒரு தரம் பார்த்துவிடுவது நல்லது.

ஸ்ரீயிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஸ எழுத்தை வைத்தும் ஸ்ரீ அடிக்கலாம், ஶ என்ற எழுத்தை வைத்தும் ஶ்ரீ அடிக்கலாம். ஶ 2005-ல்தான் யூனிகோடுக்குள் வந்தது. இரண்டும் திரையில் ஒரே ஸ்ரீயாகச் சுருண்டு உட்கார்ந்துகொள்ளும். போனில் ‘ஸ்ரீ’ என்று தேடும்போது பாதி ஸ்ரீராம்களும் ஸ்ரீவித்யாக்களும் காணாமல் போனால், அவர்கள் மற்ற ஸ்ரீயில் இருக்கிறார்கள். ‘உ’ போட்டுப் பிள்ளையார் சுழி என்று அனுப்புகிறோமே, தமிழ் எண் இரண்டும் (௨) அதே உருவம்தான். அதில் எதைப் போட்டாலும் பிள்ளையார் கோபித்துக்கொள்ளமாட்டார். விண்ணப்பத்தில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

அத்தை விஷயத்துக்கு வருகிறேன். பெயரைத் திருத்த மனு கொடுக்கப் போனோம். “கௌ தப்பா இருக்கு சார், மாத்தணும்” என்றோம். அவர் திரையைப் பார்த்தார், எங்கள் மனுவைப் பார்த்தார். “ரெண்டும் ஒண்ணுதானே மேடம்? எதை எதா மாத்தறது?” என்றார். நியாயமான கேள்வி. மனுவில் எழுதியது பேனாவில். பேனாவுக்கு எண் தெரியாது. நான் மேஜைக்கு மேலே எட்டி, “சார், அழிக்கிற பட்டனை ஒரு தரம் அமுக்குங்க” என்றேன். அமுக்கினார். கெ என்று நின்றதைப் பார்த்துவிட்டு, பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அப்புறம் நாலு பேர் வந்து பார்த்தார்கள். பத்து நாளில் பெயர் மாறியது, அதற்கடுத்த வாரமே மாமாவுக்கு ஆபரேஷன் ஆனது.

கண் திறந்த கையோடு மாமாவுக்கு எண்பது வயதும் பூர்த்தியானது. சதாபிஷேகம் வைக்கலாம் என்று முடிவாயிற்று. பத்திரிகை அடிக்க தி.நகரில் ஒரு சின்ன அச்சகம். அத்தையிடம் அவருடைய அப்பா 1950-களில் எழுதிய கடிதக் கட்டு ஒன்று இருக்கிறது. அதில் தேதி எழுதியிருப்பதைப் போலவே பத்திரிகையிலும் இருக்க வேண்டும் என்று பிடிவாதம். என்ன என்று பார்த்தால்: வருஷத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, தேதிக்கு ௳. மேற்படிக்கு ௸. அச்சகத்துப் பையன் உதட்டைப் பிதுக்கினான். “இதெல்லாம் வராது மேடம். ஸ்கேன் பண்ணி படமா ஒட்டணும்.”

வரும். 2003-லேயே இவை யூனிகோடில் சேர்ந்துவிட்டன. அவன் வைத்திருந்தது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை உட்காரவைத்த பழைய காலத்து எழுத்துரு. அதில் இவற்றுக்கு இடம் இல்லை. யூனிகோடு எழுத்துருவுக்கு மாற்றச் சொன்னேன். பிறகு வேர்டில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு, வலது பக்க எண் பலகையில் 3061 அடித்துவிட்டுக் கையை எடுக்கச் சொன்னேன். ௵ வந்து நின்றது. பையன் முகத்தில் ஒரு சிரிப்பு. 3060 அடித்தால் ௴. 3059 அடித்தால் ௳. மேற்படிக்கு 3064. நம் பழைய கணக்குப் புத்தகங்களில் வரும் பற்று ௶ 3062, வரவு ௷ 3063. தமிழ் ரூபாய்க் குறியான ௹ 3065. தமிழ் எண்கள் ௧ முதல் ௯ வரை 3047-லிருந்து 3055 வரை வரிசையாக இருக்கின்றன. பத்து ௰, நூறு ௱, ஆயிரம் ௲ மூன்றும் அடுத்தடுத்து 3056, 3057, 3058. பழைய முறையில் பதினைந்து என்றால் ௰௫ என்றுதான் எழுதுவார்கள், சுழியத்துக்கு அங்கே வேலை இல்லை. தமிழ்ச் சுழியம் ௦ யூனிகோடில் வந்ததே ஶ வந்த அதே 2005-ல்தான்.

இந்த எண் வித்தை வேர்டில் நன்றாக நடக்கும். வேறு சில இடங்களில் சம்பந்தமில்லாத கோடோ வளைவோ வந்து நிற்கும். அப்போது வேர்டில் அடித்துக் காப்பி எடுத்து ஒட்டுங்கள். எண் பலகை இல்லாத லேப்டாப்காரர்கள் விண்டோஸில் ‘கேரக்டர் மேப்’ என்று தேடித் திறந்து, பார்த்துப் பொறுக்கிக்கொள்ளலாம். ஆப்பிள் கம்ப்யூட்டரில் கன்ட்ரோல், கமாண்ட், ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் குறிகளின் பெட்டி திறக்கும். போனில் படிக்கிறவர்களுக்கு இன்னும் சுலபம். மேலே உள்ள ௵ மேல் விரலை அழுத்தி வைத்துக் காப்பி எடுங்கள். போன் கீபோர்டு செட்டிங்கில் சொந்த அகராதி அல்லது சுருக்கச் சொல் என்று ஒன்று இருக்கும். அதில் ‘வருவரு’ மாதிரி வேறெங்கும் வராத ஒரு சொல்லைக் கொடுத்து, அதற்குப் பதில் ௵ என்று ஒட்டிவிடுங்கள். அப்புறம் அந்தச் சொல்லை அடித்தாலே குறி எட்டிப்பார்க்கும்.

அன்றாடம் வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். டிகிரிக் குறி ° ஆல்ட் 0176. கால் ¼ 0188, அரை ½ 0189, முக்கால் ¾ 0190. சமையல் குறிப்பு எழுதுகிறவர்கள் இந்த மூன்றை மனப்பாடம் செய்துவிட்டால் ‘1/2 டீஸ்பூன்’ என்பது ‘12 டீஸ்பூன்’ ஆகும் விபத்து வராது. பூஜ்யத்தை மறக்கக் கூடாது. போனில் குறிகள் பக்கத்துக்குப் போய் 1-ஐ அழுத்திப் பிடித்தால், பல கீபோர்டுகளில் அரையும் காலும் மேலே முளைக்கும். ரூபாய்க் குறி ₹ வேர்டில் ஆல்ட் 8377. விசைப்பலகை ‘இங்கிலீஷ் இந்தியா’ என்று இருந்தால் கன்ட்ரோல், ஆல்ட், 4 போதும். 2010 ஜூலை 15 அன்று மத்திய அரசு ஏற்ற அந்தக் குறியை வரைந்த உதயகுமார் நம்ம ஊர்க்காரர். கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்தவர். அதே ஆண்டு அக்டோபரில் அது யூனிகோடில் ஏறிவிட்டது. நம்முடைய ௹ அதற்கு முன்பே 2003-லிருந்து அங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது அத்தைக்கு ஒரு பெருமை.

கடிதக் கட்டில் இன்னும் சில குறிகள் இருந்தன. மா, காணி, முந்திரி என்று பின்னக் கணக்கு, குறுணி, பதக்கு என்று நெல் அளவு. அவையும் 2019 மார்ச்சில் யூனிகோடில் சேர்ந்துவிட்டன, மொத்தம் 51 குறிகள். முந்திரி என்றால் 320-ல் ஒரு பங்கு, அதற்குக்கூட ஒரு குறி! ஆனால் அவற்றை இங்கே நான் போடப்போவதில்லை. போட்டால் உங்களில் பலருக்கு வெறும் கட்டம்தான் தெரியும். எண் இருக்கிறது, அதற்கு உருவம் கொடுக்கும் எழுத்துரு இன்னும் பல போன்களில் இல்லை. இந்தக் கட்டத்துக்கு வெளிநாட்டில் ‘டோஃபு’ என்று செல்லப் பெயர், பனீர் துண்டு மாதிரி இருப்பதால். அத்தையின் அப்பா ‘அரையே அரைக்கால்’ என்று எழுதியது அதுவரை கடிதத்திலேயே இருக்கட்டும்.

பத்திரிகை வந்தது. நங்கநல்லூரிலிருந்து ஒரு சித்தப்பா போன் செய்து, “தேதிக்குப் பக்கத்துல ஏதோ பூச்சி மாதிரி அச்சாயிருக்கே, பிழையா?” என்று கேட்டார். தொண்ணூறு வயசு பாட்டி ஒருத்தர் மட்டும் தடவிப் பார்த்து, “எங்கப்பா இப்படித்தான் போடுவார்” என்றாராம். அத்தைக்கு அது போதும்.

மாமா புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு பத்திரிகையை மேலிருந்து கீழ்வரை வாசித்தார். வரி விளம்பரம் வாசித்த அதே சிரத்தை. முடித்துவிட்டு, “எல்லாம் சரியா இருக்கு” என்றார். அத்தை விடவில்லை. அச்சகத்திலிருந்து வாட்ஸ்அப்பில் பத்திரிகை வாசகம் வந்திருந்தது. அதிலிருந்து தன் பெயரை மட்டும் காப்பி எடுத்தார். ஒட்டினார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக அழித்துக்கொண்டே வந்தார். கடைசியாக ஒரு தட்டு.

‘க’ நின்றது. போனை மேஜையில் வைத்துவிட்டு, காபி கலக்க உள்ளே போனார்.